முப்பத்தோராவது வார்த்தை

ஒன்பதாம் நம்பர் உள்ளே போய் எழுபது எண்ணியாகிவிட்டது, இன்னும் மணி அடித்தபாடில்லை. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. எட்டாம் நம்பருக்கு ஐம்பதுதான் ஆனது, ஏழுக்கு நாற்பத்தெட்டு, ஆறாம் நம்பர் போன வேகத்தில் மணி அடித்துவிட்டது, அவன் உட்கார்ந்தானா இல்லையா என்றே தெரியவில்லை. சீக்கிரம் அடித்தால் நல்லதா, லேட்டாக அடித்தால் நல்லதா, அதுதான் யாருக்கும் தெரியாது. சீக்கிரம் என்றால் இவனை எடுத்தாச்சு, பேச என்ன இருக்கிறது என்றும் அர்த்தம் சொல்லலாம், இவன் தேறமாட்டான், பேச என்ன இருக்கிறது என்றும் சொல்லலாம். செண்பகவல்லி நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பதினாலு. ஐந்து நாளாக அவளுக்கு இங்கே அதுதான் பேர். விமானப்படைக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற இடம், மைசூர், கடைசி நாள் காலை. இருநூறு பேர் வந்து முதல் நாளே நூற்றெண்பத்தொரு பேரைப் பெட்டியும் கையுமாக பஸ் ஏற்றிவிட்டு, மிச்சம் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு எழுதச்சொல்லி, ஓடச்சொல்லி, கயிறு கட்டச்சொல்லி, துருவித் துருவிக் கேள்வி கேட்டுப் பார்த்த அத்தனை ஆபீசர்களும் இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசி அனுப்புவார்கள். அப்புறம் அரைமணி நேரத்தில் ஒருவர் வந்து, தேறினவர்களின் நம்பரை மட்டும் வாசிப்பார். உள்ளே போனவர்கள் இந்தக் கதவு வழியாகத் திரும்பி வருவதில்லை, அந்தப் பக்கம் இன்னொரு கதவாம், அதனால் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கவும் வழியில்லை. எண்பத்தொன்பது. மணி அடித்தது. பத்தாம் நம்பர் எழுந்து டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு எண்ணிக்கை ஒரு சாக்கு, எண்ணாமல் இருந்தால் மனசு நேரே அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. அறுபது வார்த்தை. திரையில் ஒரு வார்த்தை வரும், பதினைந்து விநாடி நிற்கும், போய்விடும். அதற்குள் மனசில் முதலில் தோன்றுகிற ஒரு வரியை அந்த நம்பருக்கு நேரே எழுத வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. எழுதினதை மனோதத்துவ ஆபீசர் படித்துப் பார்த்து ஆள் எப்படி என்று முடிவு கட்டுவார். முப்பது வரைக்கும் ராணி மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்றில் கை நின்றது. ஏன் நின்றது என்பது இப்போது வேண்டாம். நின்றது. பதினைந்து விநாடியும் நின்றது. முப்பத்திரண்டாவது வார்த்தை திரையில் வந்து விழுந்ததும் பதறிப்போய் ஒரு வரியை எழுதினாள், எழுதினாளே, முப்பத்தொன்றாம் நம்பருக்கு நேரே எழுதினாள். அதோடு போயிற்றா. அடுத்தது முப்பத்திரண்டில், அதற்கடுத்தது முப்பத்து மூன்றில், இப்படியே கடைசி வரைக்கும் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் மேலே. அறுபதாவது வார்த்தைக்கு எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுப் பார்த்தால் கீழே ஒரு நம்பர் சும்மா கிடக்கிறது. அறுபது. அப்போதுதான் புரிந்தது. புரிந்தபோது நோட்டு கையில் இல்லை, ஒரு விமானப்படைச் சிப்பாய் வந்து வாங்கி அடுக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளாக இட்லி இறங்கவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், வார்த்தையையும் சேர்த்து எழுதியிருந்தால் பிழைத்திருப்பாள். 'நண்பன் ஆபத்தில் கை கொடுப்பான்' என்று முழுசாக எழுதினால் குழந்தைகூடச் சொல்லிவிடும், இது நண்பனுக்கு எழுதினது, கட்டம் மாறிவிட்டது என்று. ஆனால் தவமணி சார் அப்படி எழுதவிட மாட்டார். மதுரையில் பேக்கரி மாடியில் சனி ஞாயிறு கோச்சிங், காலேஜ் பிள்ளைகள் பதினோரு பேர், கீழேயிருந்து பன் வேகிற வாசனை, மேலே தவமணி சார் கையில் ஸ்டாப் வாட்ச். இருபது வருஷம் விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விதி உண்டு, நம்பர் போட்டு. விதி நாலு, கொடுத்த வார்த்தையைத் திரும்ப எழுதாதே, அதுதான் ஆபீசர் கையிலுள்ள பட்டியலிலேயே இருக்கிறதே, எழுதினால் இரண்டு விநாடி நஷ்டம். அந்த இரண்டு விநாடிக்கு ஆசைப்பட்டு, நண்பனுக்கு வெறுமனே 'ஆபத்தில் கட்டாயம் கை கொடுக்கும் துணை' என்று எழுதி வைத்தாள். அது இப்போது எதற்கு நேரே இருக்கிறது? பொய்க்கு நேரே. பொய், ஆபத்தில் கட்டாயம் கை கொடுக்கும் துணை. படித்துப் பார்க்கிற ஆபீசர் என்ன நினைப்பார். நண்பனுக்கு நேரே மரணத்துக்கு எழுதினது, ஒரு நாள் வந்தே தீரும், பயப்பட வேண்டாம். மரணத்துக்கு நேரே விளையாட்டுக்கு எழுதினது, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், உடம்புக்கு நல்லது. இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள். கோழைக்கு நேரே அப்பா. ஐயோ அப்பா. இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறார், ஒரு விபத்து கிடையாது. பெருமையாக எழுதினது. அப்பாவுக்கு நேரே தடை, தாவிக் குதித்து மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். போருக்கு நேரே பாட்டு, கேட்டாலே மனசு லேசாகிவிடுகிறது. எதிரிக்கு நேரே அம்மா, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பாள். கடைசியில் அறுபதாம் நம்பர், திரையில் வந்த வார்த்தை அம்மா, நேரே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. பொய்க்கு நேரே இருக்க வேண்டிய வெற்றிடம் இறங்கி இறங்கி வந்து கடைசியில் அம்மாவுக்கு நேரே நிற்கிறது.

"என்னத்த தனியா சிரிச்சிட்டு இருக்க மக்கா?" என்றான் பக்கத்து நாற்காலி. பதிமூணாம் நம்பர், ஜெனிஷ், மார்த்தாண்டத்துக்காரன். இந்தப் பத்தொன்பது பேரில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் அவன் ஒருத்தன்தான், அதனால் ஐந்து நாளாக இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை.

"மரணம் உடம்புக்கு நல்லதுன்னு எழுதியிருக்கேன்ல, அத நெனச்சேன்."

"இன்னும் அதையே பிடிச்சிட்டு கெடக்கியா. நீ உள்ள போய் அதப் பத்தி ஒண்ணும் பேசப்போவண்டாம், கேட்டியா. அவங்களே விட்டுட்டாங்கண்ணா நீ எதுக்கு சொல்லுக?"

"விட்டுட்டாங்களா, பிடிச்சிட்டாங்களான்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுல்லா. தெரியாதத அப்படியே வச்சிட்டு வெளிய வா. சாப்பாடு எப்படி இருந்துண்ணு கேப்பாங்க, நல்லா இருந்துண்ணு சொல்லு, தேங்க்யூ சார், முடிஞ்சுது."

தவமணி சாரின் விதி ஏழும் அதுதான். கடைசி அறையில் கேட்டதற்கு மட்டும் பதில், தானாக வாயைத் திறந்து குழியில் விழாதே. ஜெனிஷுக்குக் கோச்சிங் எதுவும் கிடையாது, அவனே கண்டுபிடித்திருக்கிறான், கெட்டிக்காரன். மணி அடித்தது. பதினொன்றாம் நம்பர் எழுந்துபோனாள், அரியானாப் பெண், ஆறடி, நேற்று கயிற்றுப் பாலத்தில் இவளை ஒற்றைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் விட்டவள். கதவு திறந்து மூடுகிற அந்த ஒரு நொடியில் உள்ளே நீல உடுப்பு வரிசையாகத் தெரிந்தது, தோளில் பட்டைகள், ஒரு கண்ணாடி டம்ளரில் வெளிச்சம். செண்பகவல்லிக்குக் காலடியிலிருந்து ஒரு குறுகுறுப்பு ஏறி வந்தது. பயம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, எழுந்து நாலு தடவை குதித்தால் சரியாகிவிடும் போல ஒன்று. இதே குறுகுறுப்பு முன்னாலும் வந்திருக்கிறது, அன்றைக்கு, அந்த இருபது நிமிஷம். என்.சி.சி. முகாமில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தராகக் குட்டி விமானத்தில் ஏற்றினார்கள், இரண்டே சீட்டு, பார்த்தால் ஆட்டோவுக்கு இறக்கை வைத்ததுபோலத்தான் இருந்தது. ஓடுதளத்தில் தடதடவென்று ஓடுகிறபோது அப்பாவின் பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது, கழுகுமலை ரோட்டில் இப்படித்தான் எலும்பைக் குலுக்கும். அப்புறம் திடீரென்று குலுக்கல் நின்றுவிட்டது. அது ஒன்றைத்தான் அவளால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை, மேலே போனது பெரிய விஷயமே இல்லை, அந்தக் குலுக்கல் நின்றதுதான். சத்தம் இருக்கிறது, காற்று இருக்கிறது, தரை மட்டும் விட்டுவிட்டது. வயிறு ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. பக்கத்தில் இருந்த ஆபீசர் கையை எடுத்துவிட்டு, ம், இப்போது நீ பிடி என்றார். பிடித்தாள். கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தாள், ஒரு கண்மாயும் நாலு பனைமரமும் ஒரு கல்யாண மண்டபமும் ஜன்னலில் ஏறி வந்தன. அவள் கையால் சாய்த்தது. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தபோது தோழிகளெல்லாம் எப்படிடி இருந்தது என்று கேட்டார்கள், இவள் சாப்பாடு எப்போ என்று கேட்டாள், அப்படி ஒரு பசி.

அன்றைக்கு விமானத்தோடு எடுத்த போட்டோவை வீட்டில் காட்டியிருக்கக் கூடாது. ஆசை யாரை விட்டது, காட்டினாள். அப்பா, பரவாயில்லையே, ஸ்டியரிங்கே இல்லாம ஓட்டியிருக்கா என்று சந்தோஷப்பட்டார். அம்மா போட்டோவை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், அடுப்படிக்குப் போனாள், அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை அம்மாவுக்கு, ஒரு நாளைக்கு ஆயிரம் பாக்கெட்டை மூடி ஒட்டுகிறவள், அவளுக்கு எதுவும் மூடி ஒட்டி பத்திரமாக இருக்க வேண்டும். ராத்திரி படுத்தபிறகு இருட்டில் கேட்டாள், ஏறினவ பத்திரமா எறங்குவான்னு எவன்ட்டி கையெழுத்து போடுவான்? இனிமே ஏற மாட்டேன்னு சொல்லு. செண்பகவல்லி, சரிம்மா என்றாள். வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. அந்தச் சரிம்மாவுக்குப் பிறகு இரண்டு தடவை இதே மாதிரித் தேர்வுக்கு வேறு ஊர்களுக்குப் போய் இரண்டு தடவையும் முதல் நாளே பஸ் ஏற்றிவிடப்பட்டாள், இரண்டு தடவையும் வீட்டில் கேம்ப் என்று சொன்னாள். இந்தத் தடவை மைசூர், காலேஜில் கம்பெனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னாள். ஆறு நாளு பாக்குறதுக்கு அப்படி என்ன கம்பெனிட்டி? பெரிய கம்பெனிம்மா. அப்பாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது, காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் டெப்போ பூராவுக்கும் தெரிந்துவிடும். கிளம்புகிற அன்றைக்கு அம்மா ரெண்டு கிலோ கடலைமிட்டாயைக் கட்டி பையில் வைத்தாள். அந்தக் கம்பெனி சாருங்களுக்குக் குடு, நம்ம ஊரு மிட்டாய்ன்னு சொல்லிக் குடு, வெறுங்கையோட போய் நிக்காத. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், ஜிப் பாதியில் சிக்கியது, பல்லால் கடித்துச் சரிசெய்து மூடினாள். முப்பத்தொன்றாவது வார்த்தை திரையில் வந்தபோது செண்பகவல்லி அதைத்தான் பார்த்தாள். பொய் என்ற வார்த்தை, அம்மா பல்லால் கடித்து ஜிப்பை மூடுகிறது. பதினைந்து விநாடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி. பன்னிரண்டு போனான். ஜெனிஷ் கால்களை ஆட்ட ஆரம்பித்தான், நாற்காலி கிறீச் கிறீச் என்றது, யாரோ திரும்பிப் பார்த்தார்கள், நிறுத்தினான், மறுபடி ஆட்டினான். இவள் எண்ணவில்லை. சொல்லலாமா, வேண்டாமா. சொன்னால் என்ன ஆகும், இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு மூன்று நாள் சும்மா இருந்திருக்கிறாள், கட்டம் பார்த்து எழுதத் தெரியாதவள் கருவியைப் பார்த்து எப்படி ஓட்டுவாள் என்று முடிவு கட்டுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும், மரணத்தை சாயங்காலம் ஒரு மணி நேரம் விரும்புகிறவள் என்று முடிவு கட்டுவார்கள். எப்படிப் பார்த்தாலும் வெளியேதான். இல்லை, ஒருவேளை அந்த ஆபீசரே கண்டுபிடித்திருப்பார், எத்தனை பேர் நோட்டைப் பார்த்தவர். அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாஸ். ஆனால் முப்பத்தொன்றில் ஏன் நின்றாய் என்று கேட்டால்? கேட்டால் ஒரு பொய் சொல்ல வேண்டும். பொய் என்ற வார்த்தைக்கு ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரு பொய். இதை நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மணி அடித்தது. ஜெனிஷ் எழுந்தான், "வரட்டா மக்கா" என்றான், ரெண்டடி போய்த் திரும்பி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினான், வாயைத் திறக்காதே என்று. கதவு மூடியது. வயிற்றுக்குள் என்னவோ கிளம்பி ஓடுதளத்தில் ஓட ஆரம்பித்தது, தடதடவென்று, இன்னும் தரையை விடவில்லை, இன்னும் விடவில்லை. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இந்த ஃபார்மல் பாவாடை தோழியினுடையது, இடுப்பில் ஊக்கு குத்தியிருக்கிறது, எழுந்து நிற்கிறபோது ஊக்கு கழன்றுவிடக் கூடாது. அதுவேறு கவலை. மணி.

உள்ளே மேஜை அரைவட்டமாக இருந்தது. பத்துப் பதினோரு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவில் தலைவர், நரைத்த மீசை, கண்ணுக்குக் கீழே சிரிப்புச் சுருக்கம். உட்காருங்கள் பதினாலு என்றார். எல்லாம் இங்கிலீஷில்தான். உட்கார்ந்தாள், ஊக்கு நின்றது.

"இந்த ஐந்து நாள் எப்படிப் போனது?"

"நன்றாகப் போனது சார்."

"சாப்பாடு?"

"நன்றாக இருந்தது சார்." மூன்று நாளாகச் சாப்பிடவே இல்லை.

"நல்லது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

இல்லை சார், நன்றி சார். இந்த நாலு வார்த்தையைத்தான் பேக்கரி மாடியில் பதினோரு பேரும் சேர்ந்து ஓதினார்கள். வாய் அதற்காகத் திறந்தது, திறந்த வாயிலிருந்து வந்தது வேறு. "ஆமாம் சார். வார்த்தைப் பரீட்சையில் முப்பத்தொன்றுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அதற்கப்புறம் எல்லாம் ஒரு கட்டம் மேலே எழுதிவிட்டேன். அறுபது வரைக்கும்." சொல்லிவிட்டாள். குலுக்கல் நின்றது. சத்தம் இருக்கிறது, மின்விசிறி, யாரோ காகிதம் புரட்டுகிறார், ஆனால் தடதடப்பு நின்றுவிட்டது. மேஜையின் ஓரத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர், அவர்தான் மனோதத்துவ ஆபீசர், ஒரு நோட்டை இழுத்துப் பிரித்து வார்த்தைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலில் புருவம் சுருங்கியது. விரலை ஒரு வரியில் வைத்தார், ஒரு கட்டம் கீழே இறக்கினார், உதடு அசைந்தது, மறுபடி ஒரு கட்டம். போருக்குப் பக்கத்தில் வந்திருப்பார் போல, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நோட்டும் பட்டியலும் அடுத்தவர் கைக்குப் போயின, அவரும் சிரித்தார், சிரிப்பு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து தலைவரிடம் நின்றது. தலைவர் படித்துப் பார்த்தார், சிரிக்கவில்லை, மீசையை மட்டும் தடவினார்.

"வார்த்தையைச் சேர்த்து எழுதாமல் விடச்சொல்லி யார் சொன்னது?"

"கோச்சிங்கில் சார். இரண்டு விநாடி மிச்சமாகும் என்று."

"முப்பது தடவை மிச்சம் பிடித்து, ஒரே இடத்தில் தொலைத்துவிட்டீர்கள். அங்கே என்ன வார்த்தை?"

"பொய், சார்."

தலைவர் நோட்டை மூடினார். "ஏன் எழுத முடியவில்லை?"

"நான் இங்கே இருப்பது வீட்டுக்குத் தெரியாது சார். கம்பெனி பார்க்கப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் விமானத்தில் ஏறுவது பயம். ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது."

"எப்போது சொல்லப் போகிறீர்கள்? தேறிய பிறகா?"

அவள் அதை அதுவரை யோசித்ததே இல்லை. தேறினால் சொல்வது, தேறாவிட்டால் கம்பெனி நன்றாக இருந்தது என்று முடித்துவிடுவது, அப்படித்தான் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும் உள்ளே எங்கேயோ. தேறினால் மட்டும் சொல்கிற உண்மை என்ன உண்மை. "இப்போதே சொல்கிறேன் சார்" என்றாள், சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "ரிசல்ட் வருவதற்கு முன்னால்."

"போன்களை வெளியே திருப்பிக் கொடுக்கிறார்கள்," என்றார் தலைவர். "இன்னும் ஐந்து பேர் பாக்கி, அதற்கப்புறம் நாங்கள் அரைமணி பேசுவோம். நேரம் இருக்கிறது. போய் வாருங்கள் பதினாலு."

அந்தப் பக்கத்துக் கதவு ஒரு வராந்தாவில் திறந்தது, வெயில் கண்ணைக் குத்தியது. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று எண்ணவில்லையே என்று முதலில் தோன்றியது. ஜெனிஷ் தூணோரம் நின்றிருந்தான், "ஏழு நிமிஷம் ஆச்சு, நீ வாயத் தொறந்திருப்ப" என்றான், இவள் தலையை ஆட்டினாள், அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டு போனை வாங்கினாள். அம்மா என்ற பேரை அழுத்துவதற்கு மூன்று தடவை ஆனது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள், பின்னாலே மிட்டாய் கம்பெனி சத்தம்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

முதலில் அதைத்தான் கேட்பாள் என்று எழுதினாளே, எதிரிக்கு நேரே. நிறுத்தினால் பதினைந்து விநாடி போய்விடும் என்று பயந்து மூச்சுவிடாமல் கொட்டினாள். கம்பெனி இல்லம்மா, ஏர்ஃபோர்ஸ்ம்மா, பைலட் வேலைக்கு செலக்‌ஷன்ம்மா, முன்னாலும் ரெண்டு தடவை போனேன், கேம்ப்புன்னு சொன்னது பொய்ம்மா, ஏற மாட்டேன்னு சொன்னதும் பொய்தான், இன்னும் ரிசல்ட் வரல, வராமப் போனாலும் போகட்டும், உங்கிட்ட சொல்லிரணும்னு தோணுச்சு. அந்தப் பக்கம் அம்மா எங்கேயோ நடக்கிறாள், கம்பெனிச் சத்தம் குறைந்தது, கதவு, ரோட்டுச் சத்தம்.

"அப்ப கெடைக்குமா கெடைக்காதான்னு இன்னும் தெரியாது?"

"தெரியாதும்மா. அரைமணி நேரத்துல சொல்லிருவாங்க."

"சரி. நான் செண்பகவல்லி கோயிலுக்குப் போறேன். கெடைக்கக் கூடாதுன்னு கும்பிடப் போறேன். ஓம்பேர வச்சிருக்கவ, நான் சொன்னாக் கேப்பா." போன் வைக்கப்பட்டது.

மாதச் சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு அம்மா இப்போது மெயின் ரோட்டில் நடந்துபோகிறாள். கம்பெனியிலிருந்து கோயில் பத்து நிமிஷம், செருப்பைக் கழற்ற ஒரு நிமிஷம், வெள்ளிக்கிழமை வேறு, வரிசை இருக்கும். செண்பகவல்லி வராந்தாச் சுவரில் சாய்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, குறுகுறுப்புதான் வந்தது, கால் தரையில் நிற்க மாட்டேன் என்றது. அம்மா கும்பிட்டால் பலிக்குமே, அதுதான் பயம். அப்பாவுக்கு நைட் டூட்டி மாறினது, கீழ்வீட்டுக்காரன் தண்ணி மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தது, எல்லாம் அங்கே போய்க் கும்பிட்டுத்தான். ஜெனிஷ் ஒரு கடலைமிட்டாயைப் பிரித்து நீட்டினான், ரெண்டு கிலோவில் மிச்சம் இருந்த கடைசிப் பாக்கெட், மற்றதெல்லாம் அரியானாவும் பஞ்சாபும் தின்று தீர்த்தாகிவிட்டது. "கடி மக்கா, சும்மா நிக்காத." கடித்தாள். மூன்று நாளைக்கப்புறம் வாயில் ருசி தெரிந்தது. பாக்கெட்டின் ஓரத்தை அம்மா ஒட்டியிருப்பாள்.

எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு மூன்று வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு ஆபீசர் சின்னக் காகிதத்தோடு வந்தார். நம்பர் வாசிக்கப்பட்டவர்கள் ஒரு எட்டு முன்னால் வந்து முழுப் பேரைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வருத்தப்பட வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம். வழக்கமான பேச்சு, அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கோயில் வரிசை இப்போது எங்கே வந்திருக்கும், கொடிமரத்துக்கிட்டேயா, உள்ளேயா. ஐந்து என்றார். ஒரு பையன் முன்னே போனான். பதினொன்று என்றார். அரியானாப் பெண் முன்னே போய், பேரைக் கத்தினாள். பக்கத்தில் ஜெனிஷ் கால் மாற்றி நின்றான், அடுத்தது பன்னிரண்டா, பதிமூன்றா, அவர் காகிதத்தைப் பார்க்கிறார், ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார், அந்தச் சின்னக் காகிதத்தில் நாலைந்து நம்பருக்குமேல் இருக்காதே.

"பதினாலு."

தன் நம்பர்தானா என்று நெஞ்சிலிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள். ஜெனிஷ் முழங்கையால் ஒரு இடி இடித்தான், அவன் நம்பர் தாண்டிப் போய்விட்டது, கண் சிவந்திருந்தது, "போ மக்கா, போ" என்றான், இடித்த வேகத்தில் அவள் ஒரு எட்டு முன்னால் வந்து விழுந்தாள். பேர் கேட்டார்கள். ஐந்து நாளாகச் சொல்லாத பேர், கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டாள், செண்பகவல்லி கொம்பையா. அதற்கப்புறம் இன்னொரு நம்பர் வாசித்தார், மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது, முடிவு என்று நினைத்துவிடாதீர்கள் என்றெல்லாம் சொன்னார், அத்தனைக்கும் சேர்த்து எஸ் சார் என்றாள். கலைந்து போகச் சொன்னதும் ஜெனிஷைப் போய்க் கட்டிக்கொண்டாள், அவன், "ஆறு மாசம் கழிச்சு நானும் வருவேன், நீ அங்க கதவத் தொறந்து வையி" என்றான். அப்புறம்தான் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ. எடுத்தாள். பின்னாலே கோயில் மணி, யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம்.

"அம்மா."

"சொல்லு."

"கெடச்சிருச்சும்மா."

கோயில் மணி மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

"அம்மா, கும்பிட்டுட்டியா?"

"இன்னும் இல்லட்டி. வரிசையிலதான் நிக்கேன். எனக்கு முன்னால நாலு பேரு." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "வந்தது வந்துட்டேன். ஏறினவ பத்திரமா எறங்கணும்னு கும்பிட்டுட்டு வாரேன். போன வையி, வரிசை நகருது."